கம்ப்யூட்டர் விசிறியின் கூச்சலை அடக்குவது எப்படி?

1980-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு புதிய கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் "ஆப்பிள் 3".

அதில் விசிறியே கிடையாது!

ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஸ்டீவ் ஜாப்ஸ். விசிறி போடும் சத்தம் அவருக்குப் பிடிக்காது. ஆகவே, விசிறி இல்லாமலே கம்ப்யூட்டர் தயாராயிற்று.

நடந்தது என்ன? கம்ப்யூட்டர்கள் பழுதாகத் தொடங்கின. சூட்டினால் உள்ளே உள்ள சில்லுகள் குழியை விட்டுத் தளர்ந்து விட்டன என்று காரணம் சொன்னார்கள். அதற்குக் கம்பெனி சொன்ன வைத்தியம்தான் வேடிக்கை. கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி, பொத்தென்று போட வேண்டுமாம்! சில்லுகள் மறுபடி குழியில் உட்கார்ந்து விடுமாம்! 1984-ல் அந்தக் கம்ப்யூட்டரை அடியோடு நிறுத்தி விட்டார்கள்.

பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர் ஓயாமல் இரைகிறதா? பிள்ளைகள் படிக்க முடியவில்லையா? விசிறியின் ஒயரைப் பிடுங்கலாமா என்று தோன்றும். பிடுங்கக்கூடாது. அடக்குவதற்கு வேறு வழி இருக்கிறது.

பல்பு போலச் சூடு

கம்ப்யூட்டரின் மூளை, "பிராசசர்". அது ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் 65 வாட் மின்சாரம் தின்னும் பிராசசர்கள் சர்வ சாதாரணம். தின்ற மின்சாரம் அவ்வளவும் சூடாகவே வெளியே வரும். எரிகிற 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்!

படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு இன்னும் மோசம். விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் கார்டுகளில் சில, 300 வாட்டையும் தாண்டும். இந்தச் சூட்டை வெளியே விரட்டுவதுதான் விசிறியின் வேலை.

அதிசயக் கணக்கு

ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் குறைந்து விடும். 10 டெசிபல் குறைந்தாலே, சத்தம் பாதியாகி விட்டதுபோல் காதுக்குத் தோன்றும்.

இனிமேல்தான் அதிசயம். பாதி வேகத்தில் ஓடும் அந்த விசிறிக்குத் துணையாக, அதேபோல் இன்னொன்றைப் பூட்டுங்கள். போன காற்று திரும்பி வந்து விடும். சத்தம் கூடுவது 3 டெசிபல்தான்! அதாவது காற்று குறையாமலே, 12 டெசிபல் மிச்சம்.

விசிறியின் அகலமும் முக்கியம். 8 சென்டிமீட்டர் விசிறியைவிட 12 சென்டிமீட்டர் விசிறிக்குப் பரப்பு இரண்டேகால் மடங்கு. பெரிய விசிறி சாவதானமாகச் சுற்றினாலே போதும். சின்ன விசிறி தலைதெறிக்கச் சுற்ற வேண்டும்.

இதைக் கவனிக்காத பெரிய கம்பெனிகளும் உண்டு. 2003-ல் வந்த "ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ரா" என்ற கிராபிக்ஸ் கார்டின் சின்ன விசிறி போட்ட கூச்சலைக் கேட்டு, அதற்குத் தூசி உறிஞ்சும் கருவியின் பெயரையே பட்டமாகச் சூட்டி விட்டார்கள். கார்டைச் செய்த என்விடியா கம்பெனியும் தன்னைத் தானே கேலி செய்து ஒரு படம் பிடித்து வெளியிட்டது!

எந்த விசிறி?

கூச்சல் போடுவது எந்த விசிறி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டுங்கள். ஒரு முனை காதில். மறுமுனையை விசிறிக்கு அருகே கொண்டுபோக வேண்டும், இறக்கையில் படக்கூடாது. குற்றவாளி அகப்பட்டு விடும்.

"கடகட" என்று கேட்டால், தாங்கி தேய்ந்து விட்டது என்று பொருள். எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும். பிறகு பழையபடி ஆரம்பித்து விடும். புது விசிறி வாங்குவதே மேல்.

"கிர்ர்" என்று தகரம் அதிர்ந்தால், திருகாணிக்குப் பதிலாக ரப்பர் முளைகளைப் போட்டு விசிறியைப் பொருத்தலாம்.

"உஸ்" என்ற இரைச்சல், காற்றின் சத்தம். பெரும்பாலும் தூசியே காரணம். உலோகத் தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால் சூடு போகாது. விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பிரஷ்ஷினால் தட்டி ஊத வேண்டும். ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் வழங்கும் "பவர் சப்ளை" பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி இருக்கும். உயிருக்கே ஆபத்து!

செலவு இல்லாத வழி

சில விசிறிகள் ஒரு நிமிடம் சும்மா இருக்கும். திடீரென்று சீறும். மறுபடி அடங்கும். எரிச்சல் மூட்டுவதில் இதற்கு இணை கிடையாது.

இதற்குப் பைசா செலவு இல்லை. கம்ப்யூட்டர் கிளம்பும்போது "டெலிட்" அல்லது "எப் 2" பொத்தானை அழுத்தினால், பல கம்ப்யூட்டர்களில் அமைப்புப் பக்கம் திறக்கும். எத்தனை டிகிரி சூட்டில் விசிறி எவ்வளவு வேகம் போகவேண்டும் என்று அங்கே சொல்லி விடலாம். வீட்டு விசிறிக்கு ரெகுலேட்டர் இருப்பதுபோல! 60 டிகிரி வரை மெதுவாக ஓடும்படி வைக்கலாம். சூடு ஏறிய உடனே பாயாமல், சில வினாடி பொறுத்து வேகம் எடுக்கும்படி வைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு.

70 டிகிரியைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டியதில்லை. இன்றைய பிராசசர்களில் பல, 95 டிகிரியை நெருங்கும்போதுதான் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சத்தம் கேட்காமல் இருக்க, கம்ப்யூட்டரை மேஜை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே விட்ட சூட்டையே அது மறுபடி இழுக்கும். விசிறி இன்னும் கத்தும். அதைவிட, மேஜையில் இருப்பதைக் கீழே ஒரு முக்காலியில், சுவரை ஒட்டாமல் வைக்கலாம். காதுக்கும் அதற்கும் தூரம் கூடும்.

விசிறிகள் எல்லாம் அடங்கிய பிறகு, புதிதாக ஒரு முனகல் கேட்கக்கூடும். அது ஹார்டு டிஸ்க். அதற்குள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகின்றன. அந்த முனகலும் வேண்டாம் என்றால், அதற்குப் பதிலாக "எஸ்.எஸ்.டி." வாங்கிப் பூட்டலாம். அதில் சுற்றுகிற பாகமே கிடையாது.