கரும்பிலும் ஓடும் கார்

பிரேசிலில் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைபவர் முதலில் விலைப்பலகையைத்தான் பார்ப்பார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால் போடுவார், தாண்டினால் பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில், பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. மைலேஜில் விழும் அடியை விலை ஈடுகட்டுகிறதா என்பதுதான் கணக்கு.

எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற இந்த வசதிக்கு முன்னால் ஒரு கசப்பான காலம் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட பிரேசில், 1975-இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 வந்தது. எண்பதுகளின் நடுவில், விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனால் வண்டிகள். பிறகு கச்சா எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989-90-இல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு. வேறு எதையும் ஏற்காத எஞ்சினோடு வரிசையில் நின்றவர்கள் அதை மறக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வண்டிகளைச் சீந்த ஆளில்லை.

2003-இல் ஃபோக்ஸ்வாகன், கோல் காரில் 'டோட்டல் ஃப்ளெக்ஸ்' எஞ்சினை வைத்தது. பெட்ரோல், எத்தனால், இரண்டும் கலந்தது என எதை ஊற்றினாலும் ஓடும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புகைக்குழாயில் உள்ள சென்சார், எரிந்தபின் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து சொல்கிறது. அதை வைத்து டேங்கில் இருப்பது என்ன கலவை என்று கணினி ஊகித்து, எரிபொருள் பீய்ச்சும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. எத்தனாலைத் தனியாகக் கண்டறியும் கருவி தேவைப்படவில்லை. அதனால் விலையும் அதிகம் ஏறவில்லை.

எத்தனாலுக்கு எஞ்சினில் அழுத்தம் அதிகம் இருப்பது நல்லது. பெட்ரோல் அவ்வளவு தாங்காது. இரண்டுக்கும் பொதுவாக அமைத்த எஞ்சின் எதிலுமே முழுத்திறன் காட்டாது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளிலேயே விற்பனையில் பெரும்பகுதி ஃப்ளெக்ஸ் கார்கள்தான். ஒரே எரிபொருளிடம் மறுபடி சிக்கக்கூடாது என்ற எண்ணமே அவர்களை இழுத்தது என்பேன். எத்தனாலின் பசுமைப் பெயர் அதற்கு அடுத்துதான்.

குளிர்காலக் காலையில் எத்தனால் லேசில் பற்றாது. அதற்காக எஞ்சின் பக்கத்திலேயே ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். அதை நிரப்ப மறந்தால் வண்டி கிளம்பாது. 2009-இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் போலோ ஈ-ஃப்ளெக்ஸ், எத்தனாலையே சூடாக்கிச் செலுத்தி அந்த டேங்கை ஒழித்தது. 2019-இல் டொயோட்டா, இதே ஃப்ளெக்ஸ் எஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்த்து, கொரோலா ஹைபிரிடை பிரேசிலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.