க்ரூஸ் கப்பலில் சூட்டா, பால்கனி கேபினா? கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

சிங்கப்பூரிலிருந்து 3 இரவு, 4 இரவு க்ரூஸ் புக் செய்ய உட்கார்ந்தால், தேதியும் கப்பலும் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். விரல் தயங்கி நிற்கிற இடம் கேபின் தேர்வுதான். பால்கனி கேபினுக்கு ஒரு விலை. அடுத்த வரியில் சூட், பல சமயம் இரண்டு மடங்கு விலை. 'ஒரு தடவைதானே போறோம், சூட்டே போட்டுடலாம்' என்று ஒரு மனசு சொல்லும். 'தூங்குறதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?' என்று இன்னொரு மனசு கேட்கும்.

இரண்டு மனசும் அறையின் அளவை வைத்துத்தான் பேசுகின்றன. சூட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் அறைக்குப் போவது ஒரு பங்குதான். மீதி எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால், நமக்கு எது தேவை என்பதும் தெரிந்துவிடும்.

பால்கனி எப்போது 'சாதாரணம்' ஆனது?

ஒரு காலத்தில் கப்பலில் தனி பால்கனி என்பது கோடீஸ்வரர்கள் சமாச்சாரம். 1912-ல் புறப்பட்ட டைட்டானிக்கில் சொந்த நடைமேடையுடன் இருந்த அறைத்தொகுதிகள் இரண்டே இரண்டு. 1984-ல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பல்தான் இந்த நிலையை மாற்றியது. எல்லா அறைகளும் கடலைப் பார்க்கும்படி கட்டப்பட்ட கப்பல் அது. பல அறைகளுக்குப் பால்கனியும் இருந்தது. அதன் பிறகு கட்டப்பட்ட பெரிய கப்பல்களில் பால்கனிகள் கூடிக்கொண்டே போயின. இன்று பல புதிய கப்பல்களில் அதிகம் இருப்பதே பால்கனி கேபின்தான்.

பழைய கப்பல்களில் கதை வேறு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'எம்ப்ரஸ்' 1990-ல் கட்டப்பட்டது. அந்தத் தலைமுறைக் கப்பல்களில் பால்கனி உள்ள அறைகளே குறைவு. அங்கே உண்மையான போட்டி ஜன்னல் அறைக்கும் உள் அறைக்கும் இடையில்தான்.

அளவில் எவ்வளவு வித்தியாசம்?

சிங்கப்பூரிலிருந்து ஓடிய 'குவாண்டம்', 'ஸ்பெக்ட்ரம்' போன்ற ராயல் கரீபியன் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் வழக்கமான பால்கனி கேபின் சுமார் 200 சதுர அடி, பால்கனி 55 சதுர அடி வாக்கில் இருக்கும். சென்னையில் 600 சதுர அடி சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டில், சின்ன சோஃபா, மேசை, அலமாரி, ஷவர் மட்டும் உள்ள குளியலறை, அவ்வளவுதான். பால்கனியில் இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை.

இதற்கு மேலே வருவது 'ஜூனியர் சூட்'. அறை சுமார் 270 சதுர அடி, பால்கனி 80 சதுர அடி. பெரும்பாலும் குளியல் தொட்டியும் இருக்கும். இடம் கூடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் இதில் பல சமயம் தனி படுக்கையறை கிடையாது. அதே ஒற்றை அறை, கொஞ்சம் நீளமாக. படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் வேண்டுமென்றால் இன்னும் மேலே போக வேண்டும். விலையும் மேலே போகும்.

பெயரில் ஏமாறும் இடம் இதுதான்

'மினி சூட்', 'ஜூனியர் சூட்' என்று பெயர் இருந்தால் சூட் சலுகை எல்லாம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். பல நிறுவனங்களில் வராது. பிரின்சஸ் க்ரூஸஸின் மினி சூட் அடிப்படையில் பெரிய பால்கனி கேபின்தான். முழு சூட்டுக்குரிய சலுகைகள் அதற்கு இல்லை.

ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் சூட்டுக்குள்ளேயே 'ஸீ', 'ஸ்கை', 'ஸ்டார்' என்று மூன்று படிகள் உண்டு. ஜூனியர் சூட் கீழ்ப்படியான 'ஸீ'. அதில் சூட் பயணிகளுக்கான உணவகத்தில் இரவுச் சாப்பாடு கிடைக்கும். மூன்று வேளையும் அங்கே சாப்பிட, தனி லவுஞ்சில் உட்கார, கட்டணமில்லாத இணையம் பெற 'ஸ்கை' வேண்டும். 'ஸ்டார்' எடுத்தால் பானங்கள், கட்டண உணவகங்கள், டிப்ஸ் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். கூடவே நம் வேலைகளைக் கவனிக்க ஓர் உதவியாளரும் இருப்பார். ஆசியச் சந்தைக்காகக் கட்டப்பட்ட 'ஸ்பெக்ட்ரம்' கப்பலில் இந்தப் பெயர்களே வேறு. அதனால் எந்தக் கப்பல், எந்தப் படி என்று பார்க்காமல் 'சூட்' என்ற ஒற்றை வார்த்தைக்குப் பணம் கட்டுவது ரிஸ்க்.

அப்போ மீதிக் காசு எதற்கு?

கூட்டத்திலிருந்து விலகி இருப்பதற்கு. 4,000 பேருக்கு மேல் ஏறும் கப்பலில் வரிசைதான் பெரிய தொல்லை. ஏறும்போது வரிசை, இறங்கும்போது வரிசை, பஃபேயில் வரிசை, நீச்சல் குளத்துப் பக்கம் நாற்காலிக்கு அடிதடி. சூட் இந்த வரிசைகளைக் குறைக்கிறது.

இதை முழுமையாகச் செய்பவை 'கப்பலுக்குள் ஒரு கப்பல்' வகை சூட்கள். எம்எஸ்சி நிறுவனம் 2008-ல் 'ஃபேன்டாசியா' கப்பலில் தொடங்கிய 'யாட் கிளப்', நார்வேஜியன் நிறுவனத்தின் 'தி ஹேவன்', சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'கென்டிங் ட்ரீம்' கப்பலின் 'தி பேலஸ்' ஆகியவை இந்த ரகம். கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே தனி உணவகம், தனி நீச்சல் குளம் அல்லது வெயில் தளம், பட்லர் சேவை. இப்படிப்பட்ட பகுதி இல்லாத கப்பலில் சூட் எடுத்தால் பெரிய அறை, சில முன்னுரிமைகள் என்ற அளவோடு நின்றுவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்குதான். உங்கள் புக்கிங்கில் வரும் தொகையை இதில் பொருத்திப் பாருங்கள். இரண்டு பேருக்கு 3 இரவு பால்கனி கேபின் 90,000 ரூபாய், சூட் 1,95,000 ரூபாய் என்று வைப்போம். வித்தியாசம் 1,05,000 ரூபாய். அதாவது ஓர் இரவுக்கு 35,000 ரூபாய்.

முதல் நாள் மாலை 4 மணிக்கு ஏறி, நான்காம் நாள் காலை 8 மணிக்கு இறங்கினால் மொத்தம் 64 மணி நேரம். தூக்கத்துக்கு 24 மணி நேரத்தைக் கழித்தால் 40. அப்படியானால், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 2,600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இதில் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றும் நேரமும் சேர்த்தி.

அடுத்து, சூட்டில் அடங்கியவற்றைத் தனித்தனியாக வாங்கினால் என்ன செலவாகும் என்று எழுதுங்கள். இணையம், பானங்கள், ஒரு நாள் கட்டண உணவகம், டிப்ஸ். நீங்கள் உண்மையில் வாங்கக்கூடியதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். மது அருந்தாதவருக்கு டிரிங்க்ஸ் பேக்கேஜின் மதிப்பு பெரிதாக ஒன்றுமில்லை, நிறுவனம் அதற்கு என்ன விலை போட்டிருந்தாலும் சரி. சைவம் சாப்பிடுபவர்கள் சூட் உணவகத்தின் மெனுவைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சின்ன உணவகத்தில் மெனுவும் சின்னதாக இருக்கலாம். கடைசியில் தினமும் பொது பஃபேயில் போய் நின்றால் காசு வீண்.

கண்ணில் படாத செலவு இன்னொன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று டிப்ஸைப் பில்லிலேயே சேர்க்கின்றன. சூட் பயணிகளுக்கு இந்தத் தொகை பெரும்பாலும் அதிகம். பேக்கேஜாக இந்திய ஏஜென்ட் மூலம் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியதுதான் என்றாலும், பில் பெரிதாக ஆக இப்போது கையை விட்டுப் போகும் பணமும் கூடும்.

பால்கனியிலும் கவனிக்க வேண்டியவை

சரி, பால்கனி கேபினே போதும் என்று முடிவெடுத்தாலும் வேலை முடியவில்லை. 'பால்கனி' என்றால் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. ராயல் கரீபியனின் 'ஒயாசிஸ்' வகைக் கப்பல்களில் சில பால்கனிகள் கப்பலின் நடுவே உள்ள பூங்காவைப் பார்த்திருக்கும். சில கப்பல்களில் லைஃப்போட் பார்வையை மறைக்கும், விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்கும். 2018-ல் வந்த 'செலிப்ரிட்டி எட்ஜ்' கப்பலில் பல அறைகளுக்குத் தனியாக நீட்டிய பால்கனியே இல்லை. பட்டனை அழுத்தினால் பெரிய ஜன்னலின் மேல்பாதி கீழே இறங்கும். திறந்த வெளியில் நாற்காலி போட்டு உட்கார நினைத்தவருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

அறை இருக்கும் இடமும் முக்கியம். கடல் கொந்தளித்தால் ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்குகளில். உயர உயர, முன்முனைக்குப் போகப் போக ஆட்டம் கூடும். பெரிய சூட்கள் பலவும் மேல் டெக்குகளில்தான் இருக்கும். குமட்டல் வரும் என்று பயப்படுபவருக்கு நடுவில் உள்ள சாதாரண பால்கனி கேபின், உச்சியில் உள்ள சூட்டைவிட நிம்மதி தரும். நீச்சல் குளத்து டெக்குக்கு நேர் கீழே இருக்கும் அறையில் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில், பால்கனி ஒன்றில் பிடித்த தீ பல டெக்குகளுக்குப் பரவியது. ஒரு பயணி உயிரிழந்தார். அணைக்காமல் போட்ட சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதன் பிறகு பால்கனிகளுக்கான சர்வதேசத் தீத்தடுப்பு விதிகள் 2008 ஜூலையில் அமலுக்கு வந்தன. இன்று பல நிறுவனங்கள் பால்கனியில் சிகரெட்டை முற்றிலும் தடை செய்துள்ளன. சூட் எடுத்தவருக்கும் இதே விதிதான்.

யாருக்கு எது சரி?

முதல் க்ரூஸ், 3 அல்லது 4 இரவு, சுறுசுறுப்பான ஜோடி: பால்கனி போதும். ஷோ, குளம், சாப்பாடு என்று அறைக்கு வெளியிலேயே நேரம் ஓடிவிடும். பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூர்க் கடலில் பகல் புழுக்கம் வேறு. பால்கனி இதமாக இருப்பது அதிகாலையும் மாலையும்தான்.

நான்கு பேர் குடும்பம்: ஒரு சூட்டின் விலையையும், அடுத்தடுத்த இரண்டு பால்கனி கேபின்களின் விலையையும் ஒப்பிடுங்கள். இரண்டு கேபின் என்றால் இரண்டு குளியலறை. பல கப்பல்களில் நடுவில் இருக்கும் பால்கனித் தடுப்பைக் கேட்டால் திறந்துவிடுவார்கள். ஒரே நீளமான பால்கனி ரெடி. ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் பதிவாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள்: சூட் உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய இடம் இது. வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கலாம், கூட்டமில்லாத இடத்தில் சாப்பிடலாம். ஆனால் சூட்டில் குளியல் தொட்டிதான் ஷவரும் என்றால், காலைத் தூக்கி வைத்து இறங்குவது மூட்டுவலிக்காரருக்குச் சிரமம், வழுக்கும் அபாயமும் உண்டு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால், அதற்கென வடிவமைத்த கேபினைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய அறை எல்லாம் சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை ஆகிவிடாது.

7 இரவு, அலாஸ்கா அல்லது நார்வே: பனிமலைகளும் ஃபியோர்டுகளும் மணிக்கணக்கில் பக்கத்திலேயே நகரும் பயணம். இங்கே பால்கனி கட்டாயம் என்றே சொல்லலாம். குளிருக்கு உள்ளே போய் உட்கார ஒரு ஹால் இருந்தால் இன்னும் சுகம். சூட் பற்றி யோசிக்க நியாயமான பயணம் இது.

புக் செய்யும் முன்...

சூட் ஆசை விடவில்லை என்றால் ஏல முறையும் உண்டு. பால்கனி புக் செய்தவர்கள் கூடுதல் தொகை சொல்லி சூட்டுக்கு மாற சில நிறுவனங்கள் வாய்ப்பு தருகின்றன. அதில் காட்டும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கானது, இருவர் என்றால் இரட்டிப்பாகும். எந்த டெக், எந்த அறை என்பதும் நம் கையில் இருக்காது. 'கேரண்டி' என்று மலிவாக வரும் கேபின்களும் இப்படித்தான். வகை உறுதி, இடம் அவர்கள் இஷ்டம்.

ஏஜென்டிடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தக் குறிப்பிட்ட கப்பலில் இந்த சூட்டுக்கு என்னென்ன சலுகை? தனி உணவகம் மூன்று வேளையுமா, இரவு மட்டுமா? டிப்ஸ் சேர்த்தியா? பால்கனி எதைப் பார்க்கிறது? குளியலறையில் தொட்டியா, தனி ஷவரா?

ஐந்துக்கும் பதில் வந்த பிறகு, அந்த இரவு ஒன்றுக்கான வித்தியாசத் தொகையை மறுபடி பாருங்கள். 35,000 ரூபாய்க்கு உங்கள் வீட்டுப் பெரியவரின் கால்வலி குறையும் என்றால் அது நல்ல செலவு. அந்த மூன்று இரவு வித்தியாசத்தில் அடுத்த வருடம் இன்னொரு பால்கனி பயணமே போய்வரலாம் என்று தோன்றினால், அதுவும் சரியான கணக்குதான்.