செய்நிரலாக்கப் பயிற்சியின் முதற்படி

கணினி விரைந்து கணிக்கும், ஆயின் கருத்தறியாது. தனக்கிடப்பட்ட கட்டளையை எழுத்துப் பிசகாது நிறைவேற்றுமேயன்றி, இட்டவன் உள்ளத்திற் கொண்ட நோக்கம் யாதென அஃது ஆராய்வதில்லை. ஆதலின் ஒரு செயலை எவ்வெப் படிகளாற் செய்து முடித்தல் வேண்டும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரல்பட உரைத்தல் இன்றியமையாததாகின்றது. அவ்வாறு உரைக்கப்பட்ட கட்டளைத் தொகுதியே செய்நிரல் எனப்படும். அதனை ஆக்கப் பயிலும் மாணாக்கர் முதலிற் கைக்கொள்ளவேண்டிய பழக்கம் யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இக்கலை கணித வல்லுநர்க்கே உரியதென்னும் எண்ணம் ஒருகாலத்தில் நிலவிற்று. அதனை மாற்ற விழைந்தோருள் அமெரிக்காவின் டாட்மத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்களான ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் இருவரும் குறிப்பிடத்தக்கோர். விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளல் வேண்டும் என்னும் நோக்குடன் அவர்கள் ஆக்கிய பேசிக் மொழி 1964 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் முதன்முதல் இயங்கிற்று. இன்று தொடக்கநிலை மாணாக்கர் பலர் பயிலும் பைதன் மொழி 1991 இல் வெளிவந்தது. மொழிகள் பலவாயினும் அவற்றின் அடிப்படை அமைப்புக்கள் மூன்றே: கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், நிபந்தனை நோக்கி வழியைத் தெரிதல், மீள மீளச் செய்தல் என்பன.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டொன்றை நோக்குவாம். இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் முறையை யூக்கிளிட்டு என்னும் கிரேக்க அறிஞர் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிவைத்தார். அவர் கழித்தலாற் கூறியதை வகுத்தலாற் சுருக்கி உரைப்பின் அது பின்வருமாறு அமையும். க, ச, ம என்பன மாறிகள். அஃதாவது எண்களை இட்டுவைக்கும் பெயர் பெற்ற இடங்கள். பெரிய எண் க-இலும் சிறிய எண் ச-இலும் இடப்பட்டுள்ளன எனக் கொள்க.

1. க-ஐச் ச-ஆல் வகுத்து வரும் மீதியை ம-இல் இடுக.
2. ம பூச்சியமாயின் ச-இல் உள்ளதே விடை, நிறுத்துக.
3. ச-இல் உள்ளதைக் க-இல் இடுக.
4. ம-இல் உள்ளதைச் ச-இல் இடுக.
5. முதலாம் படிக்கு மீள்க.

198, 84 என்னும் எண்களை இடின் மீதிகள் முறையே 30, 24, 6, 0 என வரும். விடை 6 ஆகும். மீதி எப்பொழுதும் வகுத்த எண்ணினுஞ் சிறியதாதலின் படிப்படியாகக் குறைந்து பூச்சியத்தை அடைந்தே தீரும். ஆகவே இந்நிரல் முடிவின்றிச் சுழலாது.

இனி, மூன்றாம் நான்காம் படிகளை இடம் மாற்றி எழுதியதாகக் கொள்வோம். ச-இல் முதலில் 30 இடப்படும். அங்கிருந்த 84 அழிந்துபோம். பின்னர் அந்த 30 தானே க-இலும் புகும். 30-ஐ 30-ஆல் வகுக்க மீதி பூச்சியமாதலின், கணினி 30 என விடை கூறி நின்றுவிடும். 84-ஐ 30 மீதியின்றி வகுக்காது. எனினும் கணினி பிழையெனக் கூறாது. எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் அது சுட்டிக்காட்டும். கருத்துப் பிழையைக் காணவேண்டியவன் மாணாக்கனே.

இத்தகைய பிழையின் விளைவு சிறிதன்று. 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் நாள் ஏவப்பட்ட ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய விண்கலந்தாங்கி, புறப்பட்டு ஒரு நிமிடமும் நிறைவுறாமுன் சிதைந்தது. 64 பிற்று அளவான எண்ணொன்றை 16 பிற்று அளவான இடத்தில் அடக்க முயன்ற செய்நிரலே அதற்குக் காரணமாயிற்று. அந்நிரற் பகுதி ஏரியன் 4 இற்காக எழுதப்பட்டது. அதிற் செவ்வனே இயங்கியது. புதிய கலத்தின் வேகத்துக்கு அஃது ஏற்புடையதா என்பது ஆராயப்படவில்லை.

ஆதலின் தொடக்கத்திற் பல மொழிகளை நாடி அலைதல் வேண்டா. ஒன்றைத் தெரிந்துகொண்டு அதிலே நிலைத்தல் நன்று. நிரலை இயக்குமுன், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மாறி கொள்ளும் பெறுமானத்தைத் தாளில் அட்டவணையாக எழுதுக. விடை இன்னதென முன்னரே துணிக. பின்னர் இயக்கி ஒப்புநோக்குக. இரண்டும் மாறுபடுமாயின் அம்மாறுபாடே சிறந்த ஆசான். ஈரெண்களும் சமமாயின் யாது நிகழும், ஒன்று பூச்சியமாயின் யாது நிகழும் எனவும் வினவுதல் வேண்டும்.

இந்நாளில், வேண்டுவதை எளிய நடையிற் கூறினாலே செய்நிரலை எழுதித்தரும் கருவிகள் வந்துள்ளன. அதனால் இப்பயிற்சி வேண்டப்படாதென்று கருதுவது பொருந்தாது. பிறர் எழுதிய நிரலாயினும் பொறி எழுதிய நிரலாயினும், அது சரியானதா எனத் தெளிபவன் அதன் படிகளைத் தானே பின்தொடர வல்லவனாதல் வேண்டும். அவ்வன்மை தாளும் எழுதுகோலும் கொண்டு சிறு நிரல்களைப் பொறுமையோடு ஆராய்வதனாலேயே கைகூடும்.