ஒரு பொறியுள் பல கணினிகள்

கணினியைக் கண்ணால் காண்கிறோம், கையால் தொடுகிறோம். தொட முடியாத கணினிகளும் உண்டு. அவை கணக்கெழுதுகின்றன, மின்னஞ்சல் அனுப்புகின்றன, கோப்புகளைக் காக்கின்றன. ஒரே பொறிக்குள் பல கணினிகளை இயங்கச் செய்யும் இந்நுட்பம் மெய்நிகராக்கம் எனப்படும். பெருநிறுவனங்களுக்கென உருவான இந்நுட்பம் இன்று சிறு தொழிலகங்களுக்கும் எட்டியுள்ளது.

சேவையகமும் அதன் சுமையும்

பிற கணினிகள் கேட்பவற்றை வலைப்பின்னல் வழியே வழங்கும் கணினியே சேவையகம். இருபத்தைந்து பேர் பணியாற்றும் ஒரு தொழிலகத்தை எண்ணிப் பாருங்கள். கோப்புகளைச் சேமிக்க ஒன்று, கணக்குப் பதிவுக்கு ஒன்று, பணியாளரின் நுழைவுரிமையைச் சரிபார்க்க ஒன்று என அங்கு மூன்று சேவையகங்கள் தேவைப்படலாம். மூன்று பணிகளையும் ஒரே இயக்க அமைப்பில் நிறுவினால், ஒன்றுக்கான புதுப்பித்தல் மற்றொன்றை முடக்கக்கூடும். ஒன்றில் நுழைந்த தீநிரல் மற்றவற்றையும் எளிதில் பற்றும். எனவே, தனித்தனிப் பொறிகளை வாங்குவர். அவையோ நாளின் பெரும்பகுதியில் வேலையின்றிக் கிடக்கும். ஆயினும், மின்சாரமும் பராமரிப்பும் மூன்றிற்கும் வேண்டும்.

எண்ணம் தோன்றிய வரலாறு

இச்சிக்கலுக்கான தீர்வு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றியது. 1960களில் பெருங்கணினியின் விலை மிக அதிகம். அதனைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் வழியை ஆய்வாளர்கள் தேடினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். அறிவியல் மையம், 1967இல் சி.பி.-40 என்னும் அமைப்பைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. அது ஒரே கணினியைப் பதினான்கு மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தந்தது.

பின்னாளில் பரவிய எக்ஸ்86 வகைச் செயலிகள் இதற்கேற்ப வடிவமைக்கப்படவில்லை. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் மென்பொருள் உத்தியால் இத்தடையைக் கடந்தது. 2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் இதற்கான வசதியைச் செயலியிலேயே அமைத்தன. அதன்பின், விலை குறைந்த சேவையகங்களிலும் மெய்நிகராக்கம் எளிதாயிற்று.

செயற்படும் முறை

பல குடித்தனங்கள் வாழும் ஒரு வீட்டில் கிணறும் முற்றமும் பொது. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் அடுப்படியும் பூட்டும் தனி. மெய்நிகராக்கமும் அத்தகையதே. செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றை ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பகிர்ந்தளிக்கிறது. இயக்க அமைப்பின் மையப்பகுதியை முன்னாளில் சூப்பர்வைசர் என்று அழைத்தனர். அதற்கும் மேல்நின்று ஆள்வதால் இது ஹைப்பர்வைசர் என்னும் பெயர் பெற்றது.

ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் தனி இயக்க அமைப்பு உண்டு. ஒன்றில் விண்டோசும் மற்றொன்றில் லினக்சும் இயங்கலாம். ஒன்று முடங்கினாலும் மற்றவை தொடர்ந்து இயங்கும். மெய்நிகர் கணினியின் உள்ளடக்கம் முழுவதும் சில கோப்புகளாக வன்தட்டில் உறைகிறது. எனவே, அதனை நகலெடுக்கலாம். பொறி பழுதுற்றால் வேறொரு பொறிக்கு மாற்றலாம். புதுப்பித்தலை முதலில் நகலில் செய்து பார்த்து, பின்னர் உண்மைச் சேவையகத்தில் செய்யலாம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹைப்பர்-வி, 2007 முதல் லினக்ஸ் உட்கருவில் இடம்பெற்றுள்ள கே.வி.எம்., அதனை அடித்தளமாகக் கொண்டு ஆஸ்திரியாவில் உருவான புராக்ஸ்மாக்ஸ் முதலியன இன்று பயன்பாட்டில் உள்ளன. பின்னவை இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். ஹைப்பர்வைசர் விலையின்றிக் கிடைத்தாலும், அதன்மேல் நிறுவும் வணிக இயக்க அமைப்புகளுக்கு உரிமம் பெறவேண்டும். உரிமத்தின் விதிகள் மாறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் வி.எம்.வேர் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. ஒரு மென்பொருளை ஏற்கும்போதே அதிலிருந்து வெளியேறும் வழியையும் அறிந்துகொள்வது அறிவுடைமை.

ஒன்றினை நம்பும் இடர்

அச்சு முறிந்தால் தேர் முழுவதும் நிற்கும். மூன்று சேவையகங்களை ஒரு பொறியில் அடக்கினால், அப்பொறியின் பழுது மூன்றையும் ஒருசேர நிறுத்தும். வன்தட்டு அழிந்தால், வாடிக்கையாளரின் நிலுவைக் கணக்கும் பணியாளரின் ஊதியப் பதிவும் அழியும். பெருநிறுவனம் தாங்கக்கூடிய அவ்விழப்பு, சிறு தொழிலகத்தை மூடவே செய்யலாம். ஒரு கணத்தின் நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட் வசதியைக் காப்புநகல் எனப் பலர் மயங்குவர். அது அதே வன்தட்டில் இருந்தால், வன்தட்டோடு சேர்ந்தே அழியும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையம் தீக்கிரையானது. வேறிடத்தில் காப்புநகல் வைக்காத வாடிக்கையாளர் சிலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். இத்தகைய இழப்பைத் தவிர்க்க வல்லுநர் கூறும் நெறி எளியது: தரவின் படிகள் மூன்று இருக்கவேண்டும்; அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் அமையவேண்டும்; ஒரு படி வேறோர் இடத்தில் இருக்கவேண்டும். காப்புநகலிலிருந்து தரவை மீட்க இயலுகிறதா என அவ்வப்போது சோதித்தலும் வேண்டும்.

ஒரு பொறியைப் பலவாக்கும் நுட்பம் செலவைக் குறைக்கிறது. அப்பொறியில் உள்ள தரவைப் பல படிகளாகக் காக்கும் பழக்கமே தொழிலை நிலைக்கச் செய்கிறது.