உவர் நீர் ஊர்களில் காப்பி பில்டர்

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர்களில் கறவை மாடு வைத்திருக்கும் விவசாயப் பெருமக்கள் வீடுகளில் பாலுக்குக் குறைவில்லை. ஆயினும் காப்பி சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். தூளைக் குறை கூறி, விலை கூடிய தூளுக்கு மாறுவோரும் உண்டு. தூளை மாற்றுமுன் நீரையும் பில்டரின் துளைகளையும் பாருங்கள்.

மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடி நீரில் புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலேயே தெரிய வந்தது. உவர்ப்பு நீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போகாது. நீர் வற்ற வற்ற உப்பு மிகும். கடின நீரின் கேடு வேறு வகை. அதிலுள்ள பைகார்பனேட், புளிப்பு நிலத்தில் இட்ட சுண்ணாம்பைப் போல, காப்பியின் இலேசான புளிப்பை முறித்துவிடும். சுவை மழுங்குவது இதனால்தான். காப்பிக்கு மட்டுமாவது குடிநீர்க் குழாய் நீரையோ, தூய்மையாகச் சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

இருவருக்கு மூன்று மேசைக்கரண்டித் தூளை மேல் அடுக்கில் இட்டு, குடை போன்ற தட்டால் இலேசாக அமுக்க வேண்டும். இறுக்கினால் நீர் இறங்காது. கொதித்து இறக்கிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி மூடிவிடுங்கள். கால் மணி நேரத்தில் பெரும்பகுதி டிகாக்ஷன் இறங்கிவிடும். இத்தாலியில் 1933-இல் வந்த மோகா பாத்திரத்தை அடுப்பில் வைத்தால்தான் நீராவி அழுத்தம் நீரை மேலேற்றும். நம் பில்டருக்கு வெந்நீர் கிடைத்தால் போதும்.

டிகாக்ஷன் இறங்கத் தாமதமானால் மேல் அடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைபட்ட துளைகள் தெரியும். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் சுண்ணாம்புப் பொருக்கு கரையும். எவர்சில்வர் பில்டரை அடுப்புத் தணலில் காட்டித் துளைகளிலுள்ள தூளை எரித்துவிடுவதும் வழக்கம். பித்தளையில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். பூச்சு போன பித்தளையிலிருந்து தாமிரமும் துத்தநாகமும் காப்பியில் இறங்கும். மீண்டும் பூசும் வரை அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

தூளில் சிக்கரி கலந்திருப்பது தவறன்று. டிகாக்ஷன் கெட்டியாக நிற்க அது உதவும். சட்டப்படி அத்தகைய கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. உதிரியாக வாங்கும் தூளைச் சோதிப்பது எளிது. ஒரு குவளைக் குளிர்ந்த நீரின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பி பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு விரைவில் அடியில் இறங்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பால் கலந்த காப்பியைப் புட்டியில் அடைத்து அனுப்ப வேண்டாம்; சில மணி நேரத்தில் கெட்டுவிடும். டிகாக்ஷனை மட்டும் சிறு எவர்சில்வர் புட்டியில் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சிய பாலை அங்கேயே வாங்கிக் கலந்துகொள்ளலாம். பாலில்லாமல் வெந்நீரில் கலந்தும் குடிக்கலாம். இரவு ஷிப்டுக்காரர் பலர் அப்படித்தான் குடிக்கிறார்கள்.