வாகனம் நுழையாத வழி

மோட்டார் வாகனம் எதுவும் வரக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கும் ஒரு சாலையை எண்ணிப் பாருங்கள். ஹாரன் ஒலி இல்லை. புகை இல்லை. "ஓரமாய்ப் போ" என்ற அதட்டல் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை தன் சின்னஞ்சிறு சைக்கிளில் முன்னே செல்கிறது. பாட்டனார் நிதானமாக மிதித்துப் பின்னே வருகிறார். இடையே தாய், நொடிக்கொரு முறை திரும்பிப் பார்த்துப் பதறாமல் செல்கிறார். இருமருங்கும் அலையலையாய் எழுந்து தாழும் குன்றுகள். குன்றெங்கும் வரிவரியாய்த் திராட்சைக் கொடிகள்!

கதைகளில் வரும் நாடன்று இது. பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டிப் பகுதியில் இத்தகைய வழிகள் உண்மையாகவே உள்ளன.

திராட்சை என்றதும் உங்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். அது நியாயமான ஐயமே. பர்கண்டியின் திராட்சை உண்பதற்காகப் பயிரிடப்படுவதன்று. மது வடிப்பதற்காகவே பயிரிடப்படுகிறது. நமக்கு விலக்கப்பட்ட பொருளில்தான் அவ்வூர்களின் செல்வமும் புகழும் அடங்கியுள்ளன. இதை மறைத்து எழுதுவது முறையாகாது. ஆயினும் கொடியும் கனியும் இறைவனின் அருட்கொடைகள் என்பதைத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அக்கனியைக் கொண்டு மனிதன் என்ன செய்கிறான் என்பது வேறு கணக்கு. நாம் பேச வந்தது மதுக் கிடங்குகளைப் பற்றியன்று. அவற்றின் வாசலைக் கடந்து செல்லும் வழியைப் பற்றியே.

அந்த வழியில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சைக்கிளுக்கென்றே புதிதாக வெட்டப்பட்ட சாலை அதில் மிகக் குறைவு. உழவரின் வண்டிப் பாதை, படகை இழுத்துச் சென்ற கால்வாய்க் கரை, ரயில் ஓடிய தடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, உழைப்பவர்களுக்கென்று போடப்பட்டவை. அவற்றைச் சீர்செய்து ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். இவ்வாறு இணைந்த பர்கண்டிச் சுற்று வழி முழுவதையும் அளந்தால் சுமார் 800 கிலோமீட்டர் வரும். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் வடக்கிலிருந்து தெற்காகப் பார்ப்போம்.

தொடங்கும் ஊரின் பெயர் போன். தொலைபேசியன்று, ஊரின் பெயரே அதுதான்! ஏழை நோயாளிகளுக்காக 1443-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒரு மருத்துவமனையால் புகழ் பெற்ற ஊர். செல்வர்கள் தங்கள் திராட்சை நிலங்களை அந்த மருத்துவமனைக்கு எழுதி வைத்தனர். விளைச்சலின் வருவாய் நோயாளிகளின் பராமரிப்புக்குச் சென்றது. வக்ஃபு என்பதை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் அமைப்பு எளிதில் விளங்கும். வருவாய் வரும் வழிதான் நமக்கு ஒவ்வாதது. 1971-இல் நோயாளிகள் புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். வண்ண ஓடுகள் வேய்ந்த பழைய கட்டடம் இன்று காட்சியகமாக உள்ளது.

போன் நகரிலிருந்து சான்த்னே என்னும் ஊர்வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குத் திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவே வழி செல்கிறது. பொம்மார், வோல்னே, மெர்சோ என்று அடுத்தடுத்துச் சிற்றூர்கள். பந்தலில் படரும் திராட்சையைப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு இந்தத் தோட்டங்கள் புதுமையாகத் தோன்றும். இங்கே பந்தல் கிடையாது. கம்பிகளில் கட்டப்பட்ட கொடிகள் ஏறத்தாழ மனிதனின் இடுப்பு அல்லது மார்பு உயரத்துக்கே வளர விடப்படுகின்றன. ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடிகள்! நெருக்கமாக நட்டால் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் ஆழத்தை நாடும் என்பது அவர்கள் கொள்கை. சைக்கிளில் செல்பவரின் பார்வையைக் கொடிகள் மறைப்பதில்லை. சரிவு முழுவதும் விரித்த பாய்போல் கண்முன் கிடக்கிறது.

இடையிடையே சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள் தென்படும். அவை வெறும் வேலியல்ல. சுவருக்கு இப்பாலுள்ள நிலத்துக்கு ஒரு பெயர், அப்பாலுள்ளதற்கு வேறு பெயர். விலையிலும் பெரும் வேறுபாடு இருக்கலாம். மண், சரிவு, வெயில் படும் திசை ஆகியவற்றைப் பல நூற்றாண்டுகளாகக் கவனித்துப் பிரித்த துண்டுகள் அவை. இவ்வாறு பெயரிடப்பட்ட 1,247 நிலத்துண்டுகளை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. காரில் விரைந்து செல்பவருக்கு இவையனைத்தும் ஒரே பச்சைதான். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரே மண்ணின் நிறம் மாறுவதைக் காண்பார்.

இப்பகுதியில் மோட்டாரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டக்காரரின் டிராக்டர் வரும். அது நாம் அறிந்த டிராக்டர் அன்று. நான்கு உயர்ந்த கால்களில் நிற்பது போன்றது. சக்கரங்கள் வரிசைகளுக்கு இடையே ஓட, அதன் உடல் கொடிகளின் தலைக்கு மேலே கடந்து செல்லும். அது எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பதே மரியாதை. அவர் வேலைக்குப் போகிறார். நாம் காற்று வாங்கப் போகிறோம். ஏற்ற இறக்கங்களும் இங்கே உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் சில இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியிருக்கும்.

சான்த்னேயை அடைந்ததும் கால்வாய் வந்துவிடுகிறது. லுவார், சோன் ஆகிய இரு ஆறுகளையும் இணைக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்டது இது. சரக்குப் படகுகள் சென்ற நீரில் இன்று உல்லாசப் படகுகள் மெல்ல நகர்கின்றன. கரை சமதளம், நிழலும் உண்டு. ஷலோன் நகரை நோக்கி இக்கரை வழியே சென்று, மேற்கே திரும்பினால் ஷிவ்ரி என்னும் சிற்றூர். நம் பேச்சின் உயிர்நாடி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஷிவ்ரியிலிருந்து தெற்கே க்ளூனி வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. சாலையில் கார்கள் பெருகப் பெருக ரயிலில் பயணிகள் குறைந்தனர். பிரான்செங்கும் இத்தகைய கிளைப் பாதைகள் சென்ற நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, இதுவும் மூடப்பட்டது. கைவிடப்பட்ட தடத்தின் விதி எளிதானது. சில ஆண்டுகளில் முட்செடி மூடும்; அண்டை நிலத்தார் ஆளுக்கொரு துண்டு வாங்குவர்; பாலம் இடியும். ஒருமுறை துண்டாடப்பட்டால் அந்தத் தொடர்ச்சியை மீண்டும் உருவாக்குவது அரிது. இந்தத் தடத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. 1997-இல், 44 கிலோமீட்டர் நீளத்துக்கும் வழவழப்பான தார் இட்டு, நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் திறந்துவிட்டது மாவட்ட நிர்வாகம். பிரான்சின் முதல் 'பசுமை வழி' என்று இதையே சொல்வர். பின்னர் 2004-இல் அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்திலேயே பசுமை வழி என்பதற்கு இலக்கணம் எழுதப்பட்டது: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரிய பாதை! நீலச் சதுரப் பலகையில் இம்மூவரின் உருவமும் வரையப்பட்டிருக்கும். சாதாரணச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் தடுப்புகள் இருக்கும்; அங்கே நின்று இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும்.

ரயில் தடத்துக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். ஆகவே அக்காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் ஏற்றமே தெரியாதபடி தடம் அமைத்தனர். நீராவி எஞ்சினுக்காக அவர்கள் பட்ட பாட்டின் பலனை இன்று குழந்தைகளும் முதியவர்களும் அனுபவிக்கிறார்கள். குன்றுகள் ஏறி இறங்குகின்றன. பாதை ஏறி இறங்குவதில்லை. குடும்பத்தோடு செல்பவர்கள் வழியில் அமர்ந்து உண்டு, இளைப்பாறி, ஒரு பகற்பொழுதில் இந்த 44 கிலோமீட்டரைக் கடந்துவிடலாம். பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் சில வழியோரம் இன்னும் நிற்கின்றன. தொழுகை நேரம் வந்தால் ஒதுங்குவதற்குப் புல்வெளிக்கும் மர நிழலுக்கும் பஞ்சமில்லை. மது விற்கும் பலகைகளும் கண்ணில் படும். மிதித்துக்கொண்டே கடந்துவிட வேண்டியதுதான்.

தெற்கே செல்லச் செல்லத் திராட்சை குறைந்து மேய்ச்சல் நிலங்கள் வருகின்றன. வெண்ணிறமான ஷரோலே இன மாடுகள் அசைபோட்டபடி நம்மைப் பார்க்கும். குரோன் என்னும் சிற்றாறு அருகே ஓடிவரும். டயர் தாரில் உரசும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லாத நீண்ட இடங்கள் உண்டு. நகரவாசிகளுக்கு முதலில் அந்த அமைதி சற்று அச்சம் தரும். அரைமணி நேரத்தில் பழகிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ரயிலை ஓட்டமுடியாமல் செய்தது கார். காரிலிருந்து தப்பி ஓட மக்களுக்கு இன்று கிடைத்திருக்கும் புகலிடம் அந்த ரயிலின் தடம். விடுமுறை நாட்களில் இங்கு வருவோரில் பலர் சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டுதான் வந்து சேர்கிறார்கள்! ரயில் இருந்த காலத்தில் வண்டியில்லாத கிராமத்து மூதாட்டியும் சந்தைக்குப் போய் வந்தார். பசுமை வழி அவருக்கு நடக்க இடம் தந்தது. ரயிலைத் திருப்பித் தரவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும். என் எண்ணத்தில், ரயில் போனது இழப்பே. தடமும் போயிருந்தால் அது இரட்டை இழப்பாகியிருக்கும்.

க்ளூனி நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 910-ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட கிறிஸ்தவத் துறவி மடம் அங்கே இருந்தது. அதன் தலைவராக இருந்த பீட்டர் என்பவர் 1142-இல் ஸ்பெயினுக்குப் பயணம் செய்தார்; திருக்குர்ஆனை லத்தீனில் பெயர்க்க அறிஞர்களை அமர்த்தினார். கெட்டன் ஊரைச் சேர்ந்த ராபர்ட் என்ற ஆங்கிலேயர் 1143-இல் அப்பணியை முடித்தார். லத்தீனில் வந்த முதல் முழுப் பெயர்ப்பு அதுவே. நோக்கம் நட்பன்று, மறுப்பு எழுதுவதே. பெயர்ப்பும் மூலத்தை விட்டு விலகிய இடங்கள் பல. எனினும் மேற்கு ஐரோப்பா நம் வேதத்தைப் படிக்கத் தொடங்கியது இந்த மடத்தின் முயற்சியால்தான். அதே நூல் நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1543-இல், பாசல் நகரில் அச்சேறியது. மடத்தின் பேராலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டுக் கல் கல்லாக விற்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கே.

க்ளூனியோடு வழி முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் மாகோன் நகரின் அருகுவரை நீட்டப்பட்டது. இடையே ஒரு மலை. அதைக் குடைந்து ரயிலுக்காக அமைத்த சுரங்கம் சுமார் 1,600 மீட்டர் நீளம். கோடையிலும் உள்ளே குளிரும், மேலாடை வேண்டும். குளிர்காலத்தில் அதன் கதவு அடைக்கப்பட்டுவிடும். உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. அவற்றின் உறக்கம் கலையக் கூடாதென்று, அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மலைமேல் ஏறிச் சுற்றிப் போகிறார்கள்.