வாட்ச்மேன் கையில் துப்பாக்கி: சீருடை போதுமா, உரிமம் வேண்டுமா?

ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டையில், 2024 ஏப்ரலில், ஒரு நகைக்கடைக்குள் புகுந்த கும்பல் துப்பாக்கியைக் காட்டி உரிமையாளரைக் கட்டிப்போட்டுவிட்டு நகைகளை அள்ளிச் சென்றது. இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைவீதிகளில் ஒரு பேச்சு கிளம்பும். "நம்ம கடைக்கும் ஒரு கன்மேன் போட்டா என்ன?" செலவைக் கேட்டதும் அடுத்த யோசனை வரும். "எங்கிட்டதான் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கே, நம்ம வாட்ச்மேன் கையில குடுத்து வாசல்ல உக்கார வெச்சிடலாமே?"

இந்த இரண்டாவது யோசனையைச் செயல்படுத்தினால் வாட்ச்மேன், முதலாளி இருவருமே வழக்கில் சிக்க வேண்டியிருக்கும். காவலாளிக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. துப்பாக்கி விஷயத்தில் தனியார் காவலாளியும் சாதாரணக் குடிமகன்தான்.

யாருக்கு உரிமம் தேவையில்லை?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 3-ன்படி, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. பிரிவு 45 சிலருக்கு விலக்கு தருகிறது. போலீஸ், ராணுவம், மத்திய ஆயுதப் படையினர் போன்ற அரசுப் பணியாளர்கள் கடமையின்போது ஏந்தும் ஆயுதத்துக்கு உரிமம் வேண்டாம். தனியார் காவலாளி இந்தப் பட்டியலில் இல்லை.

ஆவடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கனரக வாகனத் தொழிற்சாலை, சிஆர்பிஎஃப் முகாம், விமானப்படை நிலையம் என்று சீருடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஓய்வுபெற்று இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட முன்னாள் படைவீரர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெறும் நாள் வரை கடமையில் ரைஃபிள் ஏந்தியவர். உரிமம் என்ற பேச்சே அவருக்கு இல்லை. மறுமாதம் ஒரு தனியார் நிறுவனத்தின் சீருடையைப் போட்டுக்கொண்டு வங்கி வாசலில் நிற்கும்போது, இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைத் தொடக்கூட அவருக்கு உரிமம் வேண்டும். இருபது வருட அனுபவம் உரிமம் வாங்க உதவலாமே தவிர, உரிமத்துக்கு ஈடாகாது.

'பசாரா' இருந்தால் போதுமா?

செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. "எங்ககிட்ட பசாரா லைசென்ஸ் இருக்கு சார், கன்மேன் அனுப்பறோம்" என்பார்கள். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 என்பதன் சுருக்கப் பெயர்தான் பசாரா. காவலாட்களை வேலைக்கு அனுப்பித் தொழில் நடத்த ஏஜென்சிக்கு அந்த உரிமம் கட்டாயம். ஆனால் அதற்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தமில்லை. ஹோட்டல் நடத்த அனுமதி இருப்பதால் அங்கே மதுக்கடை திறந்துவிட முடியாதல்லவா, அப்படித்தான்.

பசாரா சட்டப்படி காவலாளி இந்தியக் குடிமகனாக, 18 வயது நிறைந்தவராக, 65 வயதைத் தாண்டாதவராக இருக்க வேண்டும். பின்னணி விசாரணை முடிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி என்று கணக்கு வைத்திருக்கின்றன. முன்னாள் படைவீரர், முன்னாள் போலீஸாருக்கு இது குறையும். நம் தெருமுனை அபார்ட்மென்ட் வாசலில் நிற்பவருக்கு இதில் எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும் என்பது தனிக் கதை.

வயதைக் கவனியுங்கள். காவலாளி ஆக 18 போதும். துப்பாக்கி உரிமத்துக்குப் பொதுவாக 21 நிறைய வேண்டும். ஆக, 19 வயதுப் பையனைக் காவலுக்கு வைக்கலாம். அவன் கையில் துப்பாக்கி கொடுக்க முடியாது.

அதே சட்டத்தின் பிரிவு 21-ஐயும் பலர் கவனிப்பதில்லை. ராணுவம் அல்லது போலீஸ் சீருடையைப் போலத் தோன்றும் உடையைத் தனியார் காவலாளி அணிந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காக்கி மாட்டிவிட்டால் 'கெத்தா' இருக்கும் என்று நினைக்கும் முதலாளிகள் யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வங்கி கன்மேன் எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. வங்கியோ நிறுவனமோ தன் பெயரில் உரிமம் வாங்கி, அந்தத் துப்பாக்கியை ஏந்தப்போகும் பணியாளரின் பெயரை உரிமத்திலேயே பதிவு செய்வது ஒன்று. உரிமத்தில் பெயர் உள்ளவர் மட்டும்தான் அதைத் தொடலாம். அவர் லீவில் போனால் பக்கத்து ஷிப்ட்காரர் எடுத்துக்கொண்டு நிற்க முடியாது.

காவலாளி தன் சொந்த உரிமத்தில் வைத்திருக்கும் துப்பாக்கியோடு வேலைக்கு வருவது இன்னொன்று. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். உரிமத்தில் எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது, எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். தற்காப்புக்கு என்று வாங்கிய துப்பாக்கியைச் சம்பளத்துக்கு அடுத்தவர் சொத்தைக் காக்கப் பயன்படுத்தினால் உரிம நிபந்தனையை மீறியதாகக் கேள்வி வரும். நிபந்தனை மீறலுக்குப் பிரிவு 30-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறிதாகத் தெரியலாம். ஆனால் உரிமம் ரத்தானால் அந்த மனிதரின் பிழைப்பே போய்விடும்.

எல்லை விஷயமும் லேசானதல்ல. அம்பத்தூரில் புறப்படும் பண வேன் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போனால் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. காவலாளியின் உரிமம் அங்கே செல்லுமா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேன்களுக்கு 2018-ல் மத்திய உள்துறை வகுத்த விதிகள், வண்டிக்கு இரண்டு ஆயுதம் ஏந்திய காவலர்கள் வேண்டும் என்கின்றன. டீ குடிக்கப் போனாலும் ஒருவர் வண்டியோடு இருந்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க வேண்டும், தோட்டாவையும் மாற்ற வேண்டும். வேலை செய்யாத பழைய துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி, கொள்ளையனைவிட அந்த வேனுக்குத்தான் ஆபத்து.

முதலாளி துப்பாக்கியை வாட்ச்மேன் வாங்கிக்கொள்ளலாமா?

சட்டத்தில் ஒரு சிறிய விதிவிலக்கு இருக்கிறது. உரிமதாரர் உடனிருக்கும்போதோ, அவர் எழுதிக்கொடுத்த அதிகாரத்தின் பேரிலோ, பழுதுபார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உரிமதாரரே பயன்படுத்தவோ இன்னொருவர் அதைத் தூக்கிச் செல்லலாம். ராத்திரி முழுக்கக் கடை வாசலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வது இதில் அடங்காது.

உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். மாதச் சம்பளத்துக்கு நின்ற வாட்ச்மேன் மீது இது பாயும். "மொதலாளி குடுத்தாரு, புடிச்சேன்" என்பது கோர்ட்டில் நிற்காது. உரிமம் உள்ளவரா என்று பார்க்காமல் கையில் கொடுத்த முதலாளியும் தப்ப முடியாது.

சாதாரணக் குடிமக்கள் உரிமம் வாங்க எங்கே போவது?

அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். இதனால் எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்று குழம்புபவர்கள் உண்டு. போலீஸ் கமிஷனர் உள்ள பகுதியில் ஆயுதச் சட்டப்படி கமிஷனர்தான் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் இடத்தில் இருப்பார். 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் தொடங்கியதிலிருந்து இந்த மூன்று ஊர்களும் அதன்கீழ்தான் வருகின்றன.

'கேட்டால் கிடைக்கும்' வகை உரிமம் இது இல்லை. தொழில், வேலை காரணமாக உயிருக்கோ சொத்துக்கோ பாதுகாப்பு உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தால் ஐந்தாண்டு செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் மூன்றாக இருந்தது.

கிடைத்த பிறகும் இடுப்பில் செருகி எல்லோருக்கும் தெரியும்படி நடக்க முடியாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தனி அனுமதி இல்லாமல் திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. கல்யாணத்தில் கொண்டாட்டத்துக்கு வானத்தை நோக்கிச் சுட்டு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை.

சுட்டால்?

இங்கேயும் காவலாளிக்குத் தனிச் சலுகை இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தரும் தற்காப்பு உரிமை எல்லோருக்கும் ஒன்றே. தன் உயிரையும் சொத்தையும் மட்டுமல்ல, பிறருடையதையும் காக்கலாம். கத்தியோடு பாய்பவன் விஷயம் வேறு. செயினைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுடுவது வேறு. ஆபத்து நீங்கிய பிறகு சுட்டால் அது கொலை வழக்காகவும் ஆகலாம். கண்ணெதிரே பெரிய குற்றம் செய்பவனைப் பிடித்துவைக்கும் அதிகாரம்கூட எந்தக் குடிமகனுக்கும் உள்ளதுதான். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

கன்மேன் அமர்த்தும்போது ஏஜென்சியிடம் பசாரா உரிமத்தோடு நிறுத்திவிடாமல், வரப்போகும் ஆளின் துப்பாக்கி உரிமத்தையும் வாங்கிப் பாருங்கள். பெயர், துப்பாக்கியின் எண், நோக்கம், செல்லும் எல்லை, காலாவதி தேதி, இந்த ஐந்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆள் மாறினால் மறுபடியும் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; வங்கிக் காவல் போன்றவற்றுக்கு விலக்கு வேண்டுமானால் அதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.